யாருக்கு வேண்டாம்?

1

திருத்தணி வட்டாரத்தில் பெண்களுக்கு வைக்கப்படும் பெயர்களில் ஒன்று ‘வேண்டாம்’. பட்டப்பெயர் அல்ல. கோபத்தில் யாரோ சொல்லப்போய் ஒட்டிக்கொண்டதும் அல்ல. நேர்ந்துகொண்டு, தொட்டிலில் போட்டு, முறையாக வைத்த பெயர். பள்ளிப் பதிவேட்டில், ரேஷன் கார்டில், வாக்காளர் பட்டியலில் ஏறுகிற பெயர். வரிசையாகப் பெண்ணாகவே பிறந்தால், கடைசியாகப் பிறந்தவளுக்கு இந்தப் பெயரை வைத்துவிட்டால் அடுத்தது ஆண்பிள்ளை என்பது நம்பிக்கை. திருத்தணியை அடுத்த நாராயணபுரம் இந்த வழக்கத்துக்குப் பேர்போன ஊர்.

சென்னையிலிருந்து திருப்பதி போகிற சாலையில் திருவள்ளூர் தாண்டிக் கனகம்மாசத்திரம், அதற்கப்புறம் திருத்தணி. கனகம் என்றால் பொன். சத்திரத்தோடு ஒட்டிய ஒரு பெண்ணின் பெயர் ஊர்ப்பெயராகி, இன்றைக்கும் பஸ் போர்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. சொத்தோடும் தருமத்தோடும் சேர்ந்த பெண்பெயர் ஊராக நிற்கும். நிலமில்லாத வீட்டில் மூன்றாவதாகவோ நாலாவதாகவோ பிறந்தவளின் பெயர் வேறு மாதிரி இருக்கும். இரண்டுக்கும் இடையில் சில மைல்கள்தான்.

2019-ல் இந்தப் பெயர் பத்திரிகைகளில் அடிபட்டது. இந்தப் பெயரைக் கொண்ட பொறியியல் மாணவி ஒருவருக்கு ஜப்பானிய நிறுவனம் ஒன்று ஆண்டுக்கு 22 லட்சம் ரூபாய் சம்பளத்தில் வேலை தர முன்வந்தது. திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் அவரைப் பெண்குழந்தைகளைக் காப்பதற்கான மத்திய அரசுத் திட்டத்தின் தூதுவராக அறிவித்தது. வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவள் எல்லோருக்கும் வேண்டியவள் ஆனாள் என்பதாகச் செய்தி முடிந்தது. செய்திக்கு அது போதும். நமக்குப் போதாது. இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, என்ன சொல்கிறது, இப்போது குறைந்துவருகிறது என்றால் எதனால் குறைகிறது என்று கேட்டால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் யோசிக்க நிறைய இருக்கிறது.

2

முதலில் சொல்லையே எடுத்துக்கொள்வோம். வள்ளி, கனகம், செல்வி, அமுதா என்று நம் பெயர்கள் பெரும்பாலும் பெயர்ச்சொற்கள். ‘வேண்டாம்’ வினை. அதிலும் விசித்திரமான வினை. வந்தான், வந்தாள், வந்தது என்று தமிழ் வினைமுற்று, செய்தவர் யார் என்பதை விகுதியிலேயே காட்டிக்கொடுத்துவிடும். வேண்டும், வேண்டாம் இரண்டும் காட்டுவதில்லை. எனக்கு வேண்டாம், உனக்கு வேண்டாம், அவர்களுக்கு வேண்டாம். ஆள் மாறினாலும் சொல் மாறாது. யாருக்கு என்பதை நான்காம் வேற்றுமை ஏற்ற இன்னொரு சொல்தான் சொல்ல முடியும். எது என்பதையும் வேறொரு சொல்தான் சொல்ல முடியும். பெயராக வைக்கும்போது இரண்டு சொற்களும் உதிர்ந்துபோகின்றன. எது வேண்டாம் என்பதற்கு விடை தொட்டிலில் கிடக்கிறது. யாருக்கு வேண்டாம் என்பதற்கு விடை இல்லை.

அந்த ‘யாருக்கு’ தற்செயலாக விழுந்த சொல் அல்ல. அப்பனைக் கேட்டால் வீட்டுப் பெரியவங்க வச்சது என்பான். பெரியவர்களைக் கேட்டால் ஊர் வழக்கம் என்பார்கள். பெற்றவளிடம் யாரும் கேட்பதில்லை. கேட்டால், “எனக்கு வேணாம்னு இல்லீங்க, மறுபடியும் பொட்டப்புள்ளையான்னு கேக்கறாங்களே” என்றுதான் வரும். நிலத்தை ஆணுக்கே இறக்கும் வாரிசுமுறை, கொள்ளி வைக்க மகன் என்ற சடங்கு, மகளைக் கட்டிக்கொடுக்க ஆகிற நகையும் ரொக்கமும் என எல்லாம் சேர்ந்து ‘வேண்டாம்’ என்கின்றன. ஒருவர் வாயிலும் எழுவாயாக வந்து நிற்பதில்லை. தந்தைவழிச் சமூகத்தின் அதிகாரம் எப்படி இயங்குகிறது என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். ஆள் தெரியாமல் இயங்குவது அதன் வழி. தமிழ் இலக்கணம் அதற்கு ஒரு சொல்லையே தயாராக வைத்திருக்கிறது.

வேண்டு என்ற இதே வேரிலிருந்துதான் வேண்டுதலும் வருகிறது. திருத்தணி மலை வேண்டுதல்களின் மலை. காவடி, மொட்டை, ஆண்டுக்கடைசி இரவில் படிதோறும் விளக்கேற்றிப் பாடிக்கொண்டு ஏறுகிற 365 படிகள். முருகன் சினம் தணிந்த இடம் என்பதால் தணிகை என்று தலபுராணம் சொல்லும். வேண்டுதல் பலித்துப் பிறந்த பையன்களுக்குத் தணிகாசலம், தணிகைவேல் என்று பெயர் வைப்பது இங்கே சகஜம். ஒரு வீட்டில் அக்கா வேண்டாம், தம்பி தணிகைவேல் என்றால், அக்காவின் பெயர் விண்ணப்பம், தம்பியின் பெயர் ரசீது. விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகும் அந்தக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியது அவள்தான்.

அல்தூசர் 1970-ல் கருத்தியல் பற்றி எழுதிய கட்டுரையில், கருத்தியல் மனிதர்களை விளித்தே தன்னிலைகளாக ஆக்குகிறது என்றார். பிறக்கப்போகும் குழந்தைக்குத் தகப்பன் பெயர் காத்திருக்கிறது, ஆகவே பிறக்கும் முன்பே அது தன்னிலையாக்கப்பட்டுவிட்டது என்றும் அதில் சொல்கிறார். நம் பெயரை வைத்துப் பார்த்தால் அவருடைய வாதம் ஒரு முடிச்சில் சிக்குகிறது. இந்தப் பெயர் குழந்தையை விளிப்பதே இல்லை. குழந்தையைக் காட்டி வேறு யாரையோ, பிள்ளை கொடுக்கிற சாமியை, விளிக்கிறது. “சாமி, இது போதும், இனிமே இது மாதிரி வேணாம்” என்ற வாக்கியத்துக்கு அவள் ஒரு சான்றுப்பொருள். ஆனால் ஆயுள் முழுக்கக் கூப்பிடும்போது திரும்பிப் பார்க்க வேண்டியவளும் அவள்தான். “வேண்டாம், இங்க வா” என்றால் சொல் போ என்கிறது, குரல் வா என்கிறது. “வேண்டாம், சோறு வேணுமா?” என்று கேட்பவருக்கு இதில் ஒன்றும் தோன்றாது. பழகிவிடும். பழகிவிடுவதுதான் கருத்தியலின் வேலை.

எங்கள் தெருவில் இந்தப் பெயரோடு ஒரு பெரியம்மா இருந்தார். வீட்டில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அறுபது வயதிலும் ‘பாப்பா’தான். வைத்தவர்களுக்கே அந்தப் பெயரை வாயால் சொல்ல மனசு வரவில்லை என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. ரேஷன் கடையில் மட்டும் முழுப்பெயரைப் படிப்பார்கள். கியூவில் புதிதாக யாராவது நின்றால் சிரிப்பார்கள்.

3

தாழ்வான பெயர் வைப்பது நம்மிடம் புதிதல்லவே, குப்பன், குப்பம்மா, பிச்சை, பிச்சம்மா இல்லையா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். பிறந்த பிள்ளைகள் தங்காமல் செத்துப்போகிற வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பைமேட்டில் போட்டு எடுப்பார்கள். தவிட்டுக்கு விற்றதாகப் பாவித்துத் திரும்ப வாங்குவார்கள். ஆந்திர எல்லையில் இருக்கிற நமக்குத் தெலுங்குக்காரர்களின் பெண்டய்யா, பெண்டம்மாவும் தெரியும். ‘பெண்ட்ட’ என்றால் சாணக்குப்பை. இது யாருக்கும் வேண்டாத பொருள், எடுத்துப்போகாதே என்று எமனை ஏமாற்றுகிற தந்திரம் அது. வாய் இகழ்கிறது, கை இறுக்கிப் பிடித்திருக்கிறது.

‘வேண்டாம்’ இந்த வரிசையில் சேராது. இரண்டு காரணங்கள். ஒன்று, குப்பம்மாவுக்குக் குப்பன் உண்டு, பிச்சம்மாவுக்குப் பிச்சை உண்டு. ‘வேண்டாம்’ என்ற பெயரில் ஆண் கிடையாது. ஏழு பையன்களைப் பெற்றவனும் ஏழாமவனுக்கு அப்படிப் பெயர் வைப்பதில்லை. இரண்டு, குப்பம்மாவின் பெயர் குப்பம்மா பிழைக்கவேண்டும் என்பதற்காக. வேண்டாமின் பெயர் இன்னொருவன் பிறக்கவேண்டும் என்பதற்காக. முன்னது பொய்யான இகழ்ச்சி. பின்னது உள்ளபடியே ஒரு கணக்கு. பிள்ளை தங்காத வீட்டில் பையனுக்கு மூக்குக் குத்தி மூக்கன் என்று பெயர் வைப்பதற்கு, பெண் என்று நினைத்து எமன் விட்டுப்போவான் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். அந்த விளக்கத்தின்படி எமனுக்கும் பெண் வேண்டாம்.

தெற்கே போதும்பொண்ணு என்ற பெயர் உண்டு. கிராமத்தான் பேர் வைக்கிற லட்சணம் என்று சிரிப்பவர்கள் தங்கள் வீட்டுச் சம்பூர்ணத்தையும் மங்களத்தையும் நினைத்துப் பார்க்கலாம். சம்பூர்ணம் என்றால் நிறைவடைந்தது. மங்களம் என்பது கச்சேரியின் கடைசிப் பாட்டு. இனிப் போதும் என்ற நினைப்பில் கடைசிப் பெண்ணுக்கு வைக்கிற பெயர்களாக இவை மேல்சாதி வீடுகளில் புழங்கின. சமஸ்கிருதத்தில் சொன்னால் அதே ‘போதும்’ ஆசீர்வாதம் மாதிரி ஒலிக்கிறது. தமிழில் சொன்னால் அடி மாதிரி விழுகிறது. பட்டிக்காட்டுப் பெயரின் கொச்சைத்தனம் என்று நாம் முகம் சுளிப்பது அதன் வெளிப்படையான தன்மையைத்தான். சாதி அந்தஸ்து கொடுக்கிற வசதிகளில் இதுவும் ஒன்று: செய்கிற அநீதியை நாசூக்கான மொழியில் செய்துகொள்ளலாம்.

நம் மண்ணுக்கு மட்டும் உரிய கதையும் அல்ல இது. மகாராஷ்டிரத்தில் நகுசா, அதாவது வேண்டாதவள். சீனாவில் ஜாவோதி, தம்பியைக் கூட்டி வா என்று பொருள். கொரியாவில் 1992-ல் ஒளிபரப்பாகிப் பெரும் வரவேற்புப் பெற்ற தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் இரட்டைப் பிள்ளைகளில் பையன் பெயர் குவிநாம், மதிப்புள்ள ஆண். பெண் பெயர் ஹூநாம், பின்னால் ஓர் ஆண் வரட்டும் என்பது. நம் மாணவியை வேலைக்கு அழைத்த ஜப்பானில்கூட நூறு வருஷத்துக்கு முன் பிறந்த பெண்களில் தோமே என்ற பெயர் சாதாரணம். நிறுத்து என்பதே அதன் பொருள். பாட்டிகளின் பெயராக மிஞ்சி, பிறகு அங்கே யாரும் வைக்காத பெயராகிவிட்டது.

4

பெயரை யார் வைக்கிறார்கள் என்பதும் கேள்விதான். இதற்கு வெளியூர் போக வேண்டியதில்லை. கனகம்மாசத்திரத்துக்குப் பக்கத்தில் திருவாலங்காடு, அதை ஒட்டிப் பழையனூர்.

பழையனூர் நீலியின் கதை எல்லாருக்கும் தெரியும். கணவனால் கொலையுண்ட பெண் பேயாகி, கட்டையைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மறுபிறவியில் அவனைத் துரத்தி வருகிறாள். ஊர் வேளாளர் எழுபது பேர் அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணைவைத்து அவனை அவளோடு அனுப்புகிறார்கள். அவன் செத்ததும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்குகிறார்கள். எழுபது பேரின் வாய்மை தலத்தின் பெருமையாயிற்று. நீலிக்கு மிஞ்சியது ‘நீலிக்கண்ணீர்’. முதலில் கொலை செய்தவன் பெயர் யார் நினைவிலும் இல்லை. நீலி ஒரு காலத்தில் நல்ல பெயர். கொற்றவையின் பெயர். சிலப்பதிகாரத்தில் சங்கமன் என்ற வணிகனின் மனைவி பெயர் நீலி. அநியாயமாகக் கொல்லப்பட்ட புருஷனுக்காகச் சாபமிட்டவள். பழையனூர் நீலியையே கதாநாயகியாக்கிச் சமணர்கள் நீலகேசி எழுதினார்கள். அப்படிப்பட்ட பெயரை இன்று எங்கள் பக்கத்தில் யாரும் பெண்ணுக்கு வைக்கமாட்டார்கள். ஒரு பெயர் வசவாக்கப்பட்டால் அது பெயர்களின் பட்டியலிலிருந்து போய்விடும். ‘வேண்டாம்’ எதிர்த்திசையில் வந்தது.

அதே திருவாலங்காட்டில்தான் காரைக்கால் அம்மையார். பெற்றோர் வைத்த பெயர் புனிதவதி என்கிறார் சேக்கிழார். தன் பாடல்களின் முடிவில் அவரே தனக்கு வைத்துக்கொண்ட பெயர் காரைக்கால் பேய். இகழ்ச்சியான பெயர்தான். ஆனால் வைத்தவள் அவள். கணவன் காலில் விழுந்து விலகிப்போன பிறகு, அழகான உடம்பும் நல்ல பெயரும் யாருக்காக என்று கேட்டு இரண்டையும் கழற்றிப் போட்டவள். அதனால்தான் அந்தப் ‘பேய்’ அவமானமாக ஒலிக்காமல் கையெழுத்தாக ஒலிக்கிறது. பெயர் அழகாக இருக்கிறதா, அசிங்கமாக இருக்கிறதா என்பதைவிட அதை வைக்கும் உரிமை யாருக்கு என்பது முக்கியம் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

திராவிட இயக்கமும் தனித்தமிழ் இயக்கமும் தமிழ்நாட்டில் பெயர்களைப் புரட்டிப் போட்டன. நாராயணசாமி நெடுஞ்செழியன் ஆனார், ராமையா அன்பழகன் ஆனார். சாதிப்பெயர் வெட்டப்பட்டது. அதன் மதிப்பு குறைந்ததல்ல. ஆனால் பெண்களுக்கு வந்த கயல்விழி, தேன்மொழி, பூங்குழலி எல்லாம் கண், பேச்சு, கூந்தல். பார்க்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் வைத்த பெயர்கள். 1938 நவம்பரில் சென்னையில் கூடிய தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடுதான் ஈ.வெ.ரா.வுக்குப் ‘பெரியார்’ என்ற பெயரைத் தீர்மானம் போட்டு வழங்கியது. ஓர் ஆணுக்குக் காலத்துக்கும் நிற்கிற பெயரைச் சூட்டப் பெண்களால் முடிந்தது. தங்கள் வீட்டுத் தொட்டிலில் கிடந்தவளுக்குச் சூட்டும் உரிமை அப்போதும் தூரத்தில்தான் இருந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முன்நின்ற எல்லைப் போராட்டத்துக்குப் பிறகே சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. மலை வேண்டும், மண் வேண்டும் என்று ஆண்கள் சிறைக்குப் போன ஊர்ப்பக்கம் இது. அந்தப் போராட்டத்தைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. மண்ணுக்கு ‘வேண்டும்’ என்று அரசாங்கத்தின் காதில் விழும்படி சொல்லத் தெரிந்த ஒரு சமூகம், மகளுக்கு அந்தச் சொல்லைச் சொல்லத் தயங்கியது என்பதும் அதே வட்டாரத்தின் வரலாறுதான்.

5

இந்தப் பெயர் இப்போது குறைகிறது. அதைக் கொண்டாடலாமா?

நாலாவது பெண்ணுக்கு ‘வேண்டாம்’ என்று பெயர் வைக்க நாலாவது பெண் பிறக்க வேண்டும். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண் பெறுகிற பிள்ளைகளின் சராசரி 2015-16-ல் 1.7, 2019-21-ல் 1.8. ஒன்றோ இரண்டோதான். ஆண்பிள்ளை வேண்டும் என்ற ஆசை அப்படியே இருந்து, பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை மட்டும் சுருங்கினால், அந்த ஆசை பெயரை நம்பிக் காத்திருக்காது. 1986-ல் உசிலம்பட்டியின் பெண்சிசுக் கொலை நாடு முழுக்கச் செய்தியானது. 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது. 1994-ல் கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சோதித்துச் சொல்வதைத் தடுக்கும் சட்டம் வந்தது. கள்ளிப்பாலும் நெல்லும் இருந்த இடத்துக்கு ஸ்கேன் வந்துவிட்டதை அந்தச் சட்டமே ஒப்புக்கொண்டது.

எண்களைப் பார்ப்போம். ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் ஆயிரம் ஆணுக்குப் பெண் எத்தனை என்ற கணக்கு தமிழ்நாட்டில் 1991-ல் 948, 2001-ல் 942, 2011-ல் 943. மாநிலச் சராசரி பெரிய பள்ளத்தைக் காட்டாது. மாவட்டக் கணக்கு காட்டும். 2001-ல் சேலம் 851. 2011-ல் கடலூர் 896. அமர்த்தியா சென் 1990-ல் உலகில் பத்துக் கோடிக்கும் மேல் பெண்கள் காணாமல் போயிருக்கிறார்கள் என்று எழுதியபோது சொன்னது இப்படிப்பட்ட கணக்கைத்தான்.

ஆகவே என் வாதம் இது. ‘வேண்டாம்’ என்ற பெயர் கொடுமையானது. ஆனால் அது பிறக்கவிடப்பட்டவளின் பெயர். வேண்டாம் என்று பெயர் வைத்த வீடு அவளை வளர்த்தது, சோறு போட்டது, பள்ளிக்கூடம் அனுப்பியது, வெட்கப்பட்டுக்கொண்டு ‘பாப்பா’ என்று கூப்பிட்டது. ஸ்கேன் அறையில் சொல்லப்படுகிற ‘வேண்டாம்’ பெயராக மாறுவதில்லை. அதற்குப் பதிவேடு கிடையாது. பெயர்ப்பட்டியலில் ‘வேண்டாம்’ குறைவதை மட்டும் வைத்துக்கொண்டு சமூகம் திருந்திவிட்டது என்று எழுதினால், சொல் போய்ச் செயல் மிஞ்சியதைப் பார்க்கத் தவறியவர்கள் ஆவோம்.

6

பெயரை மாற்றிவிட்டால்? மகாராஷ்டிரத்தின் சதாரா மாவட்டத்தில் 2011 அக்டோபரில் விழா எடுத்து 285 பெண்களுக்கு நகுசா என்ற பெயரை நீக்கினார்கள். பலர் தாங்களே தங்கள் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். தன் பெயரைத் தானே தேர்ந்தெடுக்க ஒரு சிறுமிக்கு வாய்க்கிற தருணம் சாதாரண விஷயமல்ல. அம்மையாருக்குப் பிறகு எத்தனை பேருக்கு அது கிடைத்தது? இங்கேயும் வழி இருக்கிறது. 1969-ன் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பெயரில்லாமலே பிறப்பைப் பதியலாம், பெயரைப் பிறகு சேர்க்கலாம். வளர்ந்தவர்கள் அரசிதழில் அறிவிப்புக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பள்ளிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம் என்று காகிதம் காகிதமாக அலைய நேரமும் பஸ் காசும் படிப்பும் வேண்டும். காகிதம் இல்லாத காலத்தில் புகுந்த வீட்டோடு மறைந்துவிடக்கூடிய பெயரைக் காகிதம்தான் ஆயுளுக்கும் கெட்டிப்படுத்தியது. அதைத் தளர்த்தும் பொறுப்பும் அதே அரசாங்கத்துக்கு உண்டு. பள்ளியிலேயே, கட்டணமில்லாமல், அந்தப் பெண்ணின் விருப்பத்தைக் கேட்டு மாற்றித் தர முடியாதா என்று கேட்பது நம்மைப் போன்றவர்கள் உடனே செய்யக்கூடிய வேலை.

22 லட்சத்துக்கு வருகிறேன். அந்த மாணவியின் உழைப்பு அவருடையது. அதில் கைவைக்க நமக்கு உரிமையில்லை. அதைச் செய்தி ஆக்கிய விதத்தில்தான் எனக்குத் தகராறு. ஒரு பெண் வேண்டியவள் ஆவதற்கு ஜப்பான் சம்பளம் தேவைப்படுகிறது என்றால், பத்தாவது தவறி நூறுநாள் வேலைக்குப் போகிற இன்னொரு வேண்டாம் என்ன செய்வாள்? அவளை எந்தத் திட்டத்துக்கும் தூதுவராக்கமாட்டார்கள். சம்பாதித்தால் மகனுக்குச் சமம் என்பது, மகன்தான் அளவுகோல் என்ற பழைய கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு போடுகிற கூட்டல். மகன்கள் ஒன்றும் சம்பாதிக்காமலே வேண்டியவர்களாகப் பிறக்கிறார்கள். மகளுக்கும் அவ்வளவுதான் நாம் கேட்பது.

1989-ல் தமிழ்நாடும் 2005-ல் இந்திய அரசும் மகளுக்குக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தரும் சட்டம் கொண்டுவந்தன. அது வீடுதோறும் நடைமுறையாகும் அளவுக்குத்தான் அந்தக் காணாமல்போன ‘யாருக்கு’ வெளியே வரும். நிலத்தைப் பிரிக்கும்போது “உனக்கு எதுக்கும்மா, விட்டுக்குடுத்துக் கையெழுத்துப் போடு” என்று அண்ணன் தம்பிகள் சொல்லும் இடத்தில் ‘கு’ வெளிப்படையாகவே ஒலிக்கிறது. அங்கே நின்று பேச வேண்டியிருக்கிறது.

அந்தப் பெயர் கொண்டவர்கள் வாய்திறந்து பதில் சொல்லும் ஓர் இடம் தினமும் இருந்திருக்கிறது, நாம் கவனித்ததில்லை. வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும்போது வாத்தியார் “வேண்டாம்” என்று படிப்பார். அவள் எழுந்து “உள்ளேன் ஐயா” என்பாள். அவர் படித்த சொல்லில் ஆளே இல்லை. அவள் சொன்னது தன்மை ஒருமை.